யாருக்கு யார் செய்யும் சேவை? கத்தோலிக்கக் கல்லூரிகளும் சமூகத் தொழில்முனைவும்: திண்டிவனம் பக்கத்திலிருந்து சில குறிப்புகள்

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு கல்லூரியிலிருந்து என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. துறவற சபை ஒன்று நடத்தும் கல்லூரி, நல்ல கல்லூரிதான். மாணவர்கள் திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு இருளர் குடியிருப்புக்கு ஒரு செமஸ்டர் முழுக்கப் போய்வந்து, அந்த மக்களுக்கு ஒரு 'சமூகத் தொழில்' திட்டம் தயாரித்திருந்தார்கள். நிறைவு நாளை அந்தக் குடியிருப்பிலேயே வைத்தார்கள். ஷாமியானா, ப்ரொஜெக்டர், ஜெனரேட்டர் எல்லாம் இருந்தது.

திட்டம் இதுதான்: பெண்கள் பனை ஓலையில் கூடை பின்னுவார்கள், அதற்கு ஒரு பிராண்டு பெயர், ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம், பாண்டிச்சேரி கடைகளில் விற்பனை. கணக்கு, லோகோ, லாப விகிதம் எல்லாம் பி.பி.டி.யில் அழகாக வந்தது. பிள்ளைகள் உழைத்திருந்தார்கள், அதில் சந்தேகமே இல்லை.

எல்லாம் முடிந்து போண்டா, டீ கொடுக்கும்போது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு ஆயா பக்கத்தில் நின்ற மாணவியிடம் கேட்டார்: "கண்ணு, பேரனுக்கு சாதி சர்ட்டிபிகேட்டு இல்லன்னு ஸ்கூல்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஆர்.டி.ஓ.வுக்கு ஒரு மனு எழுதித் தர்றியா?"

அந்தப் பெண் கொஞ்சம் திகைத்துப்போய் ஆசிரியரைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஆயா, அது எங்க புராஜெக்ட்ல வராதே."

அவள்மேல் தப்பில்லை. உண்மையிலேயே அது புராஜெக்டில் வராது. அது ஏன் வரவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

இரண்டு சொற்கள்

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'சேவைவழிக் கற்றல்' அல்லது சர்வீஸ் லேர்னிங் என்பது, பாடத்தின் ஒரு பகுதியாக மாணவர்கள் சமூகத்தில் வேலை செய்து, அந்த அனுபவத்தைத் திரும்பிப் பார்த்து, அதிலிருந்து கற்பது. 1960-களின் இரண்டாம் பாதியில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ராபர்ட் சிக்மன், வில்லியம் ராம்சே போன்றவர்கள் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். நம்ம ஊரில் அதே காலகட்டத்தில், காந்தி நூற்றாண்டான 1969-இல், என்.எஸ்.எஸ். தொடங்கியது. முதலில் 37 பல்கலைக்கழகங்கள், 40 ஆயிரம் மாணவர்கள். வருடத்துக்கு 120 மணி நேரம், அதோடு ஒரு சிறப்பு முகாம். நம்மில் பலர் கல்லூரிக் காலத்தில் ஏதாவது ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படுத்துத் தூங்கி, காலையில் கோயில் குளத்தைச் சுத்தம் செய்துவிட்டு வந்திருப்போம்.

'சமூகத் தொழில்முனைவு' வேறு வழியில் வந்தது. ஒரு சமூகப் பிரச்சினையைத் தொழில் முறையில், தன் காலில் நிற்கும் வருமானத்தோடு தீர்ப்பது. 1980-இல் பில் டிரேட்டன் தொடங்கிய அசோகா அமைப்பு இந்தச் சொல்லைப் பரப்பியது. வங்கதேசத்தின் முகமது யூனுஸுக்கும் கிராமீன் வங்கிக்கும் 2006-இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்த பிறகு உலகமெங்கும் பல்கலைக்கழகங்களில் இதற்குத் தனி மையங்கள் வந்தன. கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் இதில் பின்தங்கவில்லை. கலிபோர்னியாவில் இயேசு சபையினர் நடத்தும் சான்டா கிளாரா பல்கலைக்கழகம் 2003-இலிருந்தே உலகெங்கும் உள்ள சமூகத் தொழில்களுக்குப் பயிற்சி கொடுத்துவருகிறது.

இரண்டும் நல்ல எண்ணத்தில் பிறந்தவைதான். ஆனால் இரண்டிலும் ஒரு மறைமுகமான படம் இருக்கிறது: இந்தப் பக்கம் படித்த, வசதியான மாணவர், அந்தப் பக்கம் குறைபாடுள்ள சமூகம். நடுவில் ஒரு பஸ். அந்தப் படம் விழுப்புரத்தில் பொருந்துமா என்று பிறகு பார்ப்போம்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வரலாறு உண்டு

கத்தோலிக்கக் கல்லூரிகள் சேவை என்று பேசுவது 'நாக்' மதிப்பீட்டுக்காக நேற்று கண்டுபிடித்த விஷயம் இல்லை. இதைச் சொல்லாமல் விமர்சனம் எழுதினால் அநியாயம்.

1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்த புனித வளனார் கல்லூரி, 1923-இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி, 1925-இல் சென்னை லயோலா. இவை முதலில் செய்த வேலை பட்டதாரிகளை உருவாக்குவது. அந்தப் பட்டதாரிகளில் பெரும்பாலோர் ஏற்கெனவே படிக்க வசதி இருந்த சாதிகளிலிருந்து வந்தவர்கள். 1924-இல் தொடங்கிய அகில இந்திய கத்தோலிக்கப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு, அதாவது ஐக்கஃப், ஆரம்பத்தில் கத்தோலிக்க மாணவர்களின் பக்தியையும் ஒழுக்கத்தையும் கவனிக்கும் சங்கமாகத்தான் இருந்தது.

அதை மாற்றியவர்களில் ஒருவர் பியேர் செராக் அடிகளார். 1937-இல் பிரான்சிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி. ஐக்கஃப் வழிகாட்டியாக இருந்தபோது மாணவர்களைக் கிராமங்களுக்குக் கூட்டிப்போனார். மானாமதுரைப் பக்கம் வறட்சி நிலத்தில் விவசாயிகளோடு சேர்ந்து கிணறு வெட்டும் பெரிய வேலையை நடத்தினார். 2012-இல் சென்னையில் இறந்தார். அவரிடம் படித்தவர்கள், அவரோடு அலைந்தவர்கள் இன்றும் தமிழ்நாட்டில் நிறைய பேர் இருக்கிறார்கள்.

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையின் பார்வையை உலகத்தின் பக்கம் திருப்பியது. 1970-இல் ஐக்கஃப் பூந்தமல்லியில் கூடி வெளியிட்ட அறிக்கை, மாணவர் இயக்கத்தின் வேலை அநீதியான சமூக அமைப்பை மாற்றுவதுதான் என்ற திசையில் பேசியது. 1973-இல் இயேசு சபைத் தலைவர் பேத்ரோ அருப்பே ஸ்பெயினின் வலென்சியாவில் முன்னாள் மாணவர்களிடம் ஒரு உரை நிகழ்த்தினார். பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதே நம் கல்வியின் நோக்கம், இதுவரை அதை நாம் சரியாகச் செய்யவில்லை என்பது அதன் சாரம். கூட்டத்தில் இருந்த வசதியான முன்னாள் மாணவர்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. 1974-75-இல் கூடிய இயேசு சபைப் பொதுப் பேரவை, விசுவாசப் பணியையும் நீதிக்கான உழைப்பையும் பிரிக்க முடியாது என்று தீர்மானித்தது.

இதன் தடங்கள் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் தெரியும். மதுரை அருகே கருமாத்தூரில் 1970-இல் அருள் ஆனந்தர் கல்லூரி கிராமத்திலேயே தொடங்கப்பட்டது. அங்கே கிராம மேம்பாடு ஒரு பாடத்துறையாகவே வளர்ந்தது. திருச்சி புனித வளனார் கல்லூரியின் 'ஷெப்பர்டு' என்ற விரிவாக்கத் துறை, அறிவியலும் கலைப் பாடங்களும் மக்கள் மேம்பாட்டுக்கு என்ற பெயரோடு, மாணவர்களைச் சுற்றுவட்டக் கிராமங்களுக்கு அனுப்புகிறது.

ஆக, வரிசை இப்படி: முதலில் பக்தி, பிறகு சேவை, பிறகு நீதி. இப்போது அடுத்த சொல் வந்திருக்கிறது: தொழில்முனைவு.

நான் கவலைப்படுவது இந்தக் கடைசித் தாவலைப் பற்றித்தான். 'நீதி' என்ற சொல் இருந்த இடத்தில் 'தொழில்முனைவு' வந்து உட்காரும்போது, பழைய சொல் எங்கே போகிறது?

ஏன் இப்போது?

இந்த மாற்றத்துக்குக் காரணம் யாரோ ஒரு பாதிரியாரின் மனமாற்றம் என்று நினைக்க வேண்டாம். மூன்று தள்ளுவிசைகள் இருக்கின்றன.

ஒன்று, மதிப்பீடு. நாக் அமைப்பின் ஏழு அளவுகோல்களில் மூன்றாவது: ஆராய்ச்சி, புத்தாக்கம், விரிவாக்கம். புத்தொழில் வளர்ப்பு மையமும் கிராமப் பணியும் ஒரே தலைப்பின்கீழ் வருகின்றன. ஒரு முதல்வர் என்ன நினைப்பார்? ஒரே வேலையில் இரண்டுக்கும் மதிப்பெண் வாங்க வழி உண்டா என்று பார்ப்பார். சமூகத் தொழில்முனைவு அந்த வழி. கிராமத்துக்கும் போன மாதிரி, ஸ்டார்ட்அப்பும் செய்த மாதிரி.

இரண்டு, அரசுத் திட்டங்கள். உன்னத் பாரத் அபியான் கல்லூரிகளைக் கிராமங்களைத் தத்தெடுக்கச் சொல்கிறது. 2018-இலிருந்து கல்லூரிதோறும் புத்தாக்கக் குழுமம் அமைக்க மத்திய அரசு ஊக்குவிக்கிறது. சமூக ஈடுபாட்டைக் கிரெடிட் உள்ள பாடமாக்கச் சொல்லி யு.ஜி.சி. வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது.

மூன்றாவதைப் பற்றித்தான் யாரும் மேடையில் பேசுவதில்லை. பணம். மறைமாவட்டங்களின் சமூகப் பணி மையங்கள் பல பத்தாண்டுகளாக வெளிநாட்டு உதவியில் நடந்தவை. 2020-இல் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் திருத்தப்பட்டது. வாங்கிய நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரக்கூடாது. நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்குள் வர வேண்டும். சின்னச் சின்ன அமைப்புகளுக்கு மூச்சுத் திணறியது. அந்த நேரத்தில், 'நன்கொடை வேண்டாம், விற்று வாழலாம்' என்ற யோசனை கவர்ச்சியாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

இந்த மூன்றையும் சொல்லாமல், ஏதோ புது ஞானம் வந்ததைப்போல 'சார்புநிலையிலிருந்து விடுதலை' என்று பேசுவதைத்தான் நான் ஏற்கவில்லை.

முகாமுக்குப் போனவள் வீட்டுக்குத்தான் போனாள்

இப்போது அந்தப் பஸ் படத்துக்கு வருவோம்.

1968-இல் இவான் இலிச், அப்போது கத்தோலிக்கக் குருவாக இருந்தவர், மெக்சிகோவுக்குச் சேவை செய்யப் போகவிருந்த அமெரிக்க மாணவர்களிடம் பேசினார். உங்கள் நல்லெண்ணம் எங்களுக்குத் தேவையில்லை, வீட்டுக்குப் போங்கள் என்கிற அளவுக்குக் கடுமையான பேச்சு. மொழி தெரியாது, வாழ்க்கை தெரியாது, நீங்கள் கொண்டுவருவது உங்கள் வாழ்க்கை முறையை மட்டும்தான் என்பது அவர் குற்றச்சாட்டு. சர்வீஸ் லேர்னிங் பாடத்தில் உலகமெங்கும் அந்தப் பேச்சை வாசிக்க வைக்கிறார்கள்.

ஆனால் விழுப்புரத்தில் இலிச்சின் விமர்சனமும் பாதிதான் பொருந்தும். இங்கே கல்லூரியில் உட்கார்ந்திருக்கும் மாணவர் யார்? செஞ்சிப் பக்கத்திலிருந்து காலை ஆறரை மணிக்கு டவுன் பஸ் பிடித்து வருகிற பிள்ளை. அப்பா கரும்பு வெட்டப் போகிறவர், அம்மா நூறு நாள் வேலை. வீட்டில் முதல் பட்டதாரி. 2011 கணக்கெடுப்பின்படி பழைய விழுப்புரம் மாவட்ட மக்களில் பத்தில் மூன்று பேர் பட்டியல் சாதியினர். பாதிப் பேருக்கு மேல் 'சேவை பெறும் சமூகம்' என்று படிவத்தில் எழுதும் இடத்திலிருந்தே வருகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவி. காலனித் தெருப் பெண். முகாமில் பக்கத்து ஊர்க் காலனியில் நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். முடிந்ததும் 'அனுபவப் பிரதிபலிப்பு' என்று ஒரு தாள்: ஏழ்மையைப் பற்றி நீங்கள் என்ன கற்றீர்கள்? அவள் ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். கடைசியில் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டாள். "என்னா சார் எழுதறது? எங்க தெருவும் அப்படித்தான் இருக்கும். அதை எழுதினா எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிடும்" என்றாள்.

இந்த ஒரு வாக்கியத்தில் ஒரு பாடத்திட்டமே தோற்றுப்போகிறது. சேவைவழிக் கற்றலின் உயிர், அனுபவத்தைத் திரும்பிப் பார்ப்பது. இங்கே அனுபவம் அதிகம் உள்ளவள்தான் அதை மறைக்க வேண்டியிருக்கிறது. ஏழ்மையை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்காகத் தயாரித்த கேள்வித்தாளை, உள்ளிருந்து வந்தவளிடம் நீட்டினால் அவள் பொய்தான் எழுத வேண்டும்.

அவளிடம் வேறு மாதிரி கேட்டிருக்கலாம்: உன் தெருவில் பட்டா இல்லாத வீடு எத்தனை? சுயஉதவிக் குழுக் கடனும் மைக்ரோ ஃபைனான்ஸ் கடனும் சேர்ந்து ஒரு வீட்டுக்கு மாதம் எவ்வளவு? சுடுகாட்டுப் பாதை யார் நிலத்தில் போகிறது? இதற்கு அவளைவிட நல்ல ஆராய்ச்சியாளர் கிடைக்க மாட்டார். அப்போது அவள் தெரு ஒரு அவமானமாக இல்லாமல் அவள் அறிவாக ஆகியிருக்கும்.

நடந்த உதாரணங்கள்

சமூகத் தொழில் என்பதே ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. கத்தோலிக்க உலகத்திலேயே அது நன்றாக நடந்த இடங்கள் உண்டு. அவை எப்படி நடந்தன என்று பார்த்தால் நம் திட்டங்களின் ஓட்டை தெரியும்.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஆன்டிகோனிஷ் என்ற சின்ன ஊர். அங்கே புனித பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம் 1928-இல் ஒரு விரிவாக்கத் துறை தொடங்கியது. தலைவர் மோசஸ் கோடி என்ற குரு. அவர் மீனவர்களுக்கும் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் தொழில் திட்டம் எதையும் கொண்டுபோகவில்லை. சமையலறையில் பத்துப் பேர் உட்கார்ந்து படிக்கும் வட்டங்களைத்தான் ஏற்படுத்தினார். நம் மீனுக்கு இந்த விலையை யார் வைக்கிறார்கள், நம் கடன் எங்கே போகிறது என்று அவர்களே படித்தார்கள். அந்தப் படிப்பிலிருந்து கடன் சங்கங்களும் கூட்டுறவு மீன் பதன ஆலைகளும் வந்தன.

ஸ்பெயினின் மோன்ட்ராகோன். அரிஸ்மென்டியரியெட்டா என்ற இளம் குரு 1941-இல் அங்கே வந்தார். 1943-இல் ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். அவரிடம் படித்த ஐந்து பேர் 1956-இல் ஸ்டவ் தயாரிக்கும் ஒரு கூட்டுறவைத் தொடங்கினார்கள். இன்று அது உலகின் மிகப்பெரிய தொழிலாளர் கூட்டுறவுகளில் ஒன்று. அதற்கென்று ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. பள்ளிக்கும் முதல் தொழிலுக்கும் நடுவில் 13 வருடம் என்பதைக் கவனியுங்கள். நாம் ஒரு செமஸ்டரில் லோகோ வரைந்துவிடுகிறோம்.

பக்கத்தில் வருவோம். திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கடற்கரையில் மீனவர்கள் வியாபாரிகளின் கடனில் மாட்டி, பிடித்த மீனை அவர்கள் சொன்ன விலைக்கே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். திருவனந்தபுரம் மறைமாவட்டம் குடியமர்த்திய மரியநாடு கிராமத்தில் மீனவர்களே சங்கம் அமைத்துக் கடற்கரையில் தாங்களே ஏலம் நடத்தத் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட சங்கங்கள் சேர்ந்து 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. பின்னால் படகு கட்டுவது, இஞ்சின் பழுது பார்ப்பது எல்லாம் அதில் சேர்ந்தன.

இருளர்களுக்கே ஒரு உதாரணம் உண்டு, அதுவும் நம் இ.சி.ஆர். சாலையில். 1970-களில் வனவிலங்குச் சட்டமும் பாம்புத்தோல் வணிகத் தடையும் வந்தபோது பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர்களின் பிழைப்பு போனது. 1978-இல் ரோமுலஸ் விட்டேக்கர் துணையோடு மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிப்பதற்கு வேண்டிய விஷத்தின் பெரும்பகுதி அங்கிருந்து போகிறது. 2023-இல் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்த நான்கிலும் பொதுவாக மூன்று விஷயங்கள். உரிமை உறுப்பினர்களுடையது, மாணவர்களோ நிறுவனமோ 'நிறுவனர்' ஆகவில்லை. அவர்களிடம் ஏற்கெனவே இருந்த அறிவிலிருந்து தொழில் வந்தது. மூன்றாவது, யாரோ ஒருவரின் பிடியை அது உடைத்தது: வியாபாரி, வட்டிக்காரர், ஏலக்காரர். சண்டை இல்லாமல் எதுவும் வரவில்லை.

நம் பனை ஓலைக் கூடையில் இந்த மூன்றும் எங்கே? அந்தக் குடியிருப்பில் கூடை பின்னத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பயிற்சியாளர் வெளியூரிலிருந்து வந்தார். அந்த ஆண்கள் செங்கல் சூளையில் முன்பணம் வாங்கி மாட்டியிருப்பதைப் பற்றி பி.பி.டி.யில் ஒரு வரிகூட இல்லை.

தொழிலால் தீராதவை

இருளர்கள் தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று வகைப்படுத்தப்பட்ட ஆறு சமூகங்களில் ஒன்று. அந்தச் சலுகைகள் கிடைக்க வேண்டுமானால் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். அதைத் தாசில்தார் கொடுக்க முடியாது, கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். அப்பாவுக்குச் சான்று இல்லை என்றால் பிள்ளைக்கு விசாரணை, விசாரணைக்கு அலைச்சல், அலைந்தால் அன்றைய கூலி போச்சு. இதை எந்த இன்ஸ்டாகிராம் பக்கத்திலும் விற்க முடியாது. வீட்டு மனைப் பட்டா அப்படி. 1976 சட்டம் ஒழித்ததாகச் சொல்லும் கொத்தடிமை முறை அப்படி. இவை சந்தையின் குறை இல்லை. அரசு கொடுக்க வேண்டியதைக் கொடுக்காததால் வந்த குறை.

திண்டிவனத்தில் இந்த வேலையைச் செய்தவரும் ஒரு கல்லூரி ஆசிரியர்தான். பிரபா கல்விமணி. திண்டிவனம் அரசுக் கலைக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். 1990-களில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் உருவாகக் காரணமானவர். காவல் நிலைய வழக்குகள், சான்றிதழ், பட்டா, கொத்தடிமை மீட்பு என்று அலைந்தவர். 2021-இல் 'ஜெய் பீம்' படம் வந்தபோதுதான் வெளியூர்க்காரர்கள் பலர் இவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டார்கள். அவருக்கு எந்த கிரெடிட்டும் இல்லை, எந்த நாக் புள்ளியும் இல்லை. ஆனால் சேவைவழிக் கற்றலுக்கு ஒரு பாடநூல் வேண்டுமென்றால் அந்தச் சங்கத்தின் மனுக் கோப்புகளைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2008 மார்ச்சில் எறையூரில் நடந்தது. அப்போது விழுப்புரம் மாவட்டம், இப்போது கள்ளக்குறிச்சி. தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள், தேவாலயத்திலும் ஊர்வலத்திலும் கல்லறையிலும் சமத்துவம் கேட்டார்கள். மோதல் வந்தது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். மோதியவர்கள் இரு பக்கமும் கத்தோலிக்கர்கள். 1950-ஆம் ஆண்டு ஆணையின் காரணமாகக் கிறிஸ்தவ தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதியும் இல்லை. வெளியே சட்டம் கைவிடுகிறது, உள்ளே சாதி விடமாட்டேன் என்கிறது. 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டது. அதற்கு நான் தலைவணங்குகிறேன்.

ஆனால் இந்த மாவட்டத்தில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரி மாணவர்களைக் கிராமத்துக்கு அனுப்பும்போது, அந்தக் கிராமத்தின் கோயிலும் கல்லறையும் படிப்பில் வராமல், கூடையும் மெழுகுவத்தியும் மட்டும் வந்தால், கற்றல் எங்கே நடக்கிறது? தொழில்முனைவுக்கு இருக்கும் பெரிய வசதியே இதுதான். அது யாரையும் சங்கடப்படுத்தாது. ஊர்த்தெருவும் சேரியும் இரண்டும் கைதட்டும்.

எதிர்வாதங்கள்

என் நண்பர் ஒருவர், இப்படிப்பட்ட கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், இதைப் படித்துவிட்டுச் சொன்னார்: "நீ சொல்றது எல்லாம் சரிதாம்பா. ஆனா எங்க பிள்ளைங்களுக்கு வேலை வேணும். மனு எழுதக் கத்துக்கிட்டா யார் வேலை குடுப்பா? பிசினஸ் பிளான் போடத் தெரிஞ்சா ஒரு பேங்க்லயாவது சேரும்."

இது நியாயமான பேச்சு. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கணக்கு, விற்பனை, பேச்சு எல்லாம் வேண்டும். அதை நான் எதிர்க்கவில்லை. அதற்கு இருளர் குடியிருப்பைப் பயிற்சிக் களமாக ஆக்க வேண்டாம் என்கிறேன். தன் சொந்தத் தெருவிலோ, தன் அம்மாவின் குழுவிலோ அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

இன்னொன்றும் சொன்னார்: அரசு உதவி பெறும் கல்லூரி அரசை எதிர்த்து மனு போட்டால் என்ன ஆகும்? இந்தப் பயம் உண்மை. சிறுபான்மை நிறுவனங்களுக்கு இன்றைய சூழலில் அது இன்னும் கூடுதல். ஆனால் சாதிச் சான்று கேட்டு விண்ணப்பிப்பது போராட்டம் இல்லை. சட்டம் கொடுத்ததை நிரப்பிக் கேட்பது. அதற்கே பயப்பட ஆரம்பித்தால், பிறகு அருப்பேயின் படத்தை வரவேற்பறையில் மாட்டுவதில் அர்த்தம் இல்லை.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. நான்கு சின்ன விஷயங்கள்.

ஒரு செமஸ்டருக்கு ஒரு கிராமம் என்று மாற்றாதீர்கள். ஒரே இடத்துக்கு ஐந்து வருடம் போங்கள். மாணவர் மாறலாம், கோப்பு மாறக்கூடாது.

முதல் செமஸ்டரில் எந்தத் திட்டமும் வேண்டாம். கேட்பதற்கு மட்டும் கிரெடிட் கொடுங்கள். கோடியின் சமையலறை வட்டத்தை நினைவில் வையுங்கள்.

மாணவர் தன் சொந்த ஊரைப் படிக்க விரும்பினால் அதையும் சேவைவழிக் கற்றலாக ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் எழுதியதை வகுப்பில் சத்தமாகப் படிக்கச் சொல்லாதீர்கள்.

தொழில் என்று ஒன்று வந்தால், பதிவுப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அந்த மக்களின் பெயர் இல்லையென்றால் அது சமூகத் தொழில் இல்லை, கல்லூரியின் கண்காட்சி.

அந்த ஆயாவின் விஷயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். புராஜெக்டில் வராது என்று சொன்ன அதே மாணவி, அடுத்த சனிக்கிழமை ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு, ஆசிரியருக்குச் சொல்லாமல், ஷேர் ஆட்டோவில் அந்தக் குடியிருப்புக்குப் போயிருக்கிறாள். மனு எழுதினார்களாம். மூன்று தடவை அடித்து எழுதியதாகச் சொன்னாள், ஏனென்றால் "யாருக்கு 'ஐயா' போடணும், எதை எங்க இணைக்கணும்னே எங்களுக்குத் தெரியல சார்." மூன்று வருடம் பி.காம். படித்தவள்.

விசாரணைக்கு ஒரு முறை கூப்பிட்டார்கள். சான்று இன்னும் வரவில்லை. பையன் இப்போது பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறான். கூடைக்கான இன்ஸ்டாகிராம் பக்கத்தில் கடைசிப் பதிவு, அந்த நிறைவு நாள் புகைப்படம்தான்.